யூத வீட்டுப் பிள்ளைகளோடு பகல்பொழுது: ஓய்வுநாளிலும் பண்டிகைக் காலத்திலும் என்ன செய்யலாம்?

நந்தியாவட்டை, ஜோகன்னஸ்பர்க்:

அனைவருக்கும் வணக்கம். நான் லெனேசியாவில் பிறந்து வளர்ந்தவள். கடந்த நான்கு மாதங்களாகக் கிளென்ஹேசல் பகுதியில், யூத மரபை முழுமையாகக் கடைப்பிடிக்கும் ஒரு குடும்பத்தில், பள்ளி விட்டு வரும் மூன்று பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். மூத்தவளுக்கு ஒன்பது வயது, நடுவில் உள்ள பையனுக்கு ஏழு, கடைக்குட்டிப் பெண்ணுக்கு நான்கு. மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளிலும் பெற்றோர் ஷூலுக்குப் போய்த் திரும்பும் வரை பிள்ளைகளோடு இருக்கிறேன். அந்த வீட்டில் தொழுகைக்கூடத்தை ஷூல் என்றும் வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு முடியும் ஓய்வுநாளை ஷாபஸ் என்றும் சொல்வதால் நானும் அவ்வாறே எழுதுகிறேன்.

முதல் சனிக்கிழமையன்று நடந்ததைச் சொன்னால்தான் என் கேள்வி விளங்கும். சின்னவள் சிணுங்கினாள் என்று என் பையிலிருந்த வண்ணப் பென்சில்களை எடுத்து மேசைமேல் பரப்பி, ஒரு மயிலை வரையத் தொடங்கினேன். மூத்தவள் ஒரு சொல்லும் பேசாமல் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பெரியவளான என்னைத் திருத்தவும் மனமில்லாமல், தன் வீட்டு ஒழுங்கை மீறவும் மனமில்லாமல் அந்தப் பிள்ளை நின்ற நிலை இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. பெற்றோர் திரும்பியதும் தாயிடம் நடந்ததை நானே சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை. எழுதுவதும் வரைவதும் அன்று கிடையாது என்பதைத் தாமே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும் என்றார்.

இப்போது அவர் என்னிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார். அவர்களுடைய புத்தாண்டில் தொடங்கிக் கூடாரப் பண்டிகை முடியும் வரை ஏறத்தாழ மூன்று வாரங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில்தான் இருப்பார்களாம். திரையைக் காட்டி உட்கார வைக்காமல், அவர்கள் மனமும் கையும் வளரும்படி நான் ஏதேனும் செய்ய வேண்டும் என்று விரும்புகிறார். எனக்குக் கோலம் தெரியும், பல்லாங்குழி தெரியும், ஆயா சொன்ன கதைகள் தெரியும். இவற்றில் எதை அந்த வீட்டுக்குள் கொண்டு போகலாம், எதை வாசலிலேயே விட வேண்டும் என்பது தெரியவில்லை. சனிக்கிழமைகளில் பிள்ளைகளை எப்படி ஈடுபடுத்துவது? இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தப் பையன் விடாமல் கேள்வி கேட்கிறான். என் வளர்ப்பில் பெரியவர்களிடம் அப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம். அவனுடைய பெற்றோரோ அதைக் கண்டு மகிழ்கிறார்கள். நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய சிலேட்டு, டர்பன்:

அன்புள்ள மகளுக்கு, நான் ஓய்வுபெற்ற பாலர் பள்ளி ஆசிரியை. டர்பனில் யூதக் குழந்தைகள் படித்த ஒரு பாலர் வகுப்பில் சில ஆண்டுகள் பணிபுரிந்தேன். உங்களுக்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்ததுண்டு.

ஷாபஸில் விலக்கப்பட்ட வேலைகள் 39 வகை என்று யூத மரபு வகுத்திருக்கிறது. அவர்களுடைய முன்னோர் பாலைவனத்தில் வழிபாட்டுக்கான திருக்கூடாரத்தை எழுப்பத் தேவைப்பட்ட வேலைகளிலிருந்து அந்த வகைகள் பெறப்பட்டன. ஆகவே அன்று விலக்கப்படுவது உடல் உழைப்பு என்று நாம் நினைத்தால் தவறாகும். ஒரு பொருளை ஆக்குவதும் மாற்றியமைப்பதுமே விலக்கப்படுகின்றன. எழுதுவது, வரைவது, வண்ணம் தீட்டுவது, வெட்டுவது, ஒட்டுவது, கிழிப்பது, நிலையான முடிச்சிடுவது, தீ மூட்டுவது எல்லாம் அதில் அடங்கும். களிமண்ணைப் பிடித்து உருவம் செய்வதும், மின்கலத்தில் ஓடும் பொம்மையும், இசைக்கருவி வாசிப்பதும் அன்று இல்லை. கழிப்பறைத் தாளைக்கூட வெள்ளிக்கிழமையே கிழித்து வைத்துவிடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வரைதல் இல்லை என்பதால் கோலமும் சனிக்கிழமை வேண்டாம். பண்டிகைகளிலும் இதே கவனம் தேவை: புத்தாண்டின் இரண்டு நாட்களிலும், கூடாரப் பண்டிகையின் முதல் இரண்டு நாட்களிலும் கடைசி இரண்டு நாட்களிலும் சமையல் போன்ற சிலவற்றைத் தவிர மற்றவை ஓய்வுநாளைப் போலவேதான்.

இவ்வளவையும் கழித்தால் என்ன மிஞ்சும் என்று தோன்றலாம். என் அனுபவத்தில் மிஞ்சுவதுதான் குழந்தைப் பருவத்தின் பெரும்பகுதி. கதை, கண்ணாமூச்சி, வேடம் கட்டி நடித்தல், வாய்ப்பாட்டு, புத்தகம், தோட்டத்தில் எறும்பின் வழியைத் தொடர்ந்து போய்ப் பார்த்தல் ஆகியவற்றுக்கு எந்தத் தடையும் இல்லை. உங்கள் பல்லாங்குழி அந்த வீட்டுக்கு மிகவும் பொருத்தமானது. ஆனால் இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். அன்றைக்குத் தோட்டத்துக் கல்லையோ விதையையோ பொறுக்கிக் காயாக்கக் கூடாது. விளையாட்டுக்கென்றே சோழிகளை வெள்ளிக்கிழமைக்கு முன்பே ஒதுக்கி வைத்துவிட வேண்டும். விளையாடி முடித்தபின் பலவகைக் காய்கள் கலந்து கிடந்தால் அவற்றை வகைபிரித்து அடுக்க வேண்டாம். தெரிந்தெடுத்துப் பிரிப்பதும் அந்த 39இல் ஒன்று. புள்ளிக்கணக்கை எழுத முடியாதே என்று கவலைப்பட வேண்டாம். ஒரு புத்தகத்தில் பக்க எண்ணுக்கேற்ப அடையாளத் தாளை நகர்த்திக் கணக்கு வைப்பார்கள். குழந்தைகள் அதை வெகு விரைவில் கற்றுக்கொள்வார்கள். லெகோ கட்டைகளைப் பற்றி அவர்களுடைய அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே அதைத் தாயிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு எல்லைக்கு வெளியே பொருளைத் தூக்கிச் செல்வதையும் அவ்வாறே கேளுங்கள்; கம்பியும் கம்பமும் கொண்டு வளைத்த எல்லை இருக்கும் இடத்தில் அனுமதிப்பார்கள், இல்லாத இடத்தில் ஒரு தண்ணீர்ப் புட்டியைக்கூட எடுத்துப் போக மாட்டார்கள்.

இனி அந்தப் பையனின் கேள்விகளைப் பற்றி எழுதுகிறேன். என் கடிதத்தில் முக்கியமானது இதுதான். யூத வீட்டில் கேள்வி கேட்பது பிள்ளையின் கடமை என்றே சொல்லலாம். பஸ்கா இரவு விருந்தில் வீட்டிலேயே இளைய பிள்ளை எழுந்து, இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறுபட்டது என்று கேட்ட பிறகுதான் பெரியவர்கள் எகிப்திலிருந்து விடுபட்ட வரலாற்றைச் சொல்லத் தொடங்குவார்கள். பஸ்கா முன்னிரவில் குழந்தைகள் தூங்கிவிடாமல் விழித்திருந்து கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காக ரபி அகிவா என்னும் பழங்கால யூத அறிஞர் அவர்களுக்கு வறுத்த தானியமும் கொட்டைகளும் பங்கிட்டார் என்று அவர்களுடைய பழைய சட்ட, விளக்கத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது. அந்த இரவில் படிக்கப்படும் நூல் நான்கு வகைப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறது. அறிவுள்ளவன், எதிர்த்துப் பேசுபவன், எளிமையானவன் ஆகியோருக்குப் பிறகு நான்காவதாக வருபவன் கேட்கவே தெரியாதவன். அவனுக்காக நீயே பேச்சைத் திறந்து வை என்று பெற்றோருக்கு அங்கே கட்டளை இருக்கிறது. கேட்கத் தெரியாத பிள்ளைக்குக்கூட அந்த மேசையில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் என் வகுப்பில் பேசாமலே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் என் நினைவுக்கு வருவார்கள்.

ஆகவே அவன் கேட்டால் அடக்காதீர்கள். விடை தெரிந்தாலும் உடனே சொல்லிவிடாமல், நீ என்ன நினைக்கிறாய் என்று ஒருமுறை திருப்பிக் கேளுங்கள். அவர்களுடைய மதத்தைப் பற்றிய கேள்வியாக இருந்தால் நீங்கள் விடை சொல்ல வேண்டாம். வார நாட்களில் அதை ஒரு சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போடச் சொல்லுங்கள். வெள்ளி இரவு உணவின்போது தந்தையிடம் கேட்கலாம். சனிக்கிழமையில் எழுத முடியாது என்பதால் ஒரு கேள்விக்கு ஒரு சோழி என்று கிண்ணத்தில் போட்டு, எந்தச் சோழி எந்தக் கேள்விக்கு என்பதை அவனே மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். என் வகுப்பில் ஐந்து வயதுப் பிள்ளைகள் ஆறேழு கேள்விகள் வரை மறக்காமல் சொன்னார்கள்.

மாதுளை, கேப் டவுன்:

நந்தியாவட்டை அக்காவுக்கு வணக்கம். நான் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, யூத மரபை ஏற்றுத் திருமணம் செய்துகொண்டவள். எனக்கு இரண்டு பிள்ளைகள். டர்பன் அம்மா எழுதியதை எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று வாரத்துக்கும் நாள்தோறும் ஒரு செயல்பாடு என்று நீங்கள் திட்டமிட்டுவிடக் கூடாது என்று அஞ்சுகிறேன். அந்த வீட்டு நாட்காட்டியிலேயே பிள்ளைகளுக்குப் போதுமான வேலை இருக்கிறது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதைக் காட்டிலும், அங்கே நடக்கும் உண்மையான வேலையில் பிள்ளைக்கு ஒரு பங்கை வாங்கிக் கொடுப்பது மேலானது.

வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கேற்றுவது சூரியன் மறைவதற்கு 18 நிமிடங்களுக்கு முன். ஜோகன்னஸ்பர்க்கில் டிசம்பரில் ஏழு மணிக்குச் சற்று முன்பு மறையும் சூரியன், ஜூனில் ஐந்தரைக்கு முன்பே மறைந்துவிடும். அந்த வார நேரத்தைப் பார்த்து வந்து வீட்டாருக்கு அறிவிக்கும் பொறுப்பை மூத்தவளுக்குக் கொடுக்கலாம். விளக்கேற்றுமுன் தர்ம உண்டியலில் காசு போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது கடைக்குட்டியின் வேலையாக இருக்கட்டும். மற்ற நாடுகளில் ஹல்லா என்று சொல்லும் பின்னல் ரொட்டியை நம் தென்னாப்பிரிக்க யூதர்கள் கிட்கே என்பார்கள். நமக்குச் சடை பின்னத் தெரியும் என்பதால் மூன்று புரிப் பின்னலை ஒரு நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். பாலைவனத்தில் வெள்ளிக்கிழமைகளில் இரட்டிப்பாகக் கிடைத்த மன்னா என்னும் வானத்து உணவின் நினைவாக மேசையில் இரண்டு கிட்கே வைப்பார்கள், அவற்றை ஒரு துணியால் மூடியும் வைப்பார்கள். திராட்சை ரசத்துக்கு முதலில் ஆசி கூறும்போது ரொட்டி தன்னைப் பின்னுக்குத் தள்ளிவிட்டதாக வெட்கப்படக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. ஒரு ரொட்டியின் மனம் நோகாமல் பார்த்துக்கொள்ளும் பிள்ளை, தன் தங்கையின் மனத்தையும் பார்த்துக்கொள்ளும் என்று என் மாமியார் சொல்வார். அந்தத் துணியில் பூ வேலை செய்வதற்கு ஒன்பது வயது சரியான வயது. புத்தாண்டுக்கு மட்டும் கிட்கே வட்டமாக இருக்கும், உலர்திராட்சையும் சேர்ப்பார்கள். ஆப்பிளையும் அதையும் தேனில் தொட்டு உண்பார்கள்.

வெள்ளி இரவு பெற்றோர் பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஆசி கூறுவார்கள். ஆண் பிள்ளைக்கு, அவர்களுடைய மறையில் வரும் எப்பிராயீமைப் போலவும் மனாசேயைப் போலவும் இருக்க வேண்டும் என்றும், பெண் பிள்ளைக்குச் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் ஆகியோரைப் போல இருக்க வேண்டும் என்றும் சொல்வார்கள். அந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் இருந்தால் வேறு எந்த வேலைக்கும் பிள்ளைகளை அழைத்துவிடாதீர்கள். வாரம் முழுக்க எவ்வளவு கண்டிப்பு நடந்திருந்தாலும் அந்த ஒரு நிமிடத்தில் எல்லாம் கரைந்துவிடுவதை என் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

வாசலில் விட வேண்டியவற்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சாமி கதைகளைச் சொல்ல வேண்டாம், திருநீறும் பிரசாதமும் கொடுக்க வேண்டாம். நம் கதைகள் தாழ்ந்தவை என்பதால் அல்ல; ஒரே இறைவனை உருவமின்றி வணங்குவது அவர்களுடைய அடிப்படை. காக்கையும் நரியும், தெனாலிராமன், மரியாதைராமன் எல்லாம் தாராளமாகச் சொல்லலாம். கோலத்தை அவர்கள் வழிபாட்டுச் சின்னமாகக் கருதக்கூடும் என்பதால், புள்ளிகளை இணைக்கும் கணக்கு விளையாட்டு என்று தாயிடம் விளக்கி அனுமதி பெற்ற பிறகு, வார நாட்களில் சுண்ணக்கட்டியால் போடுங்கள். உங்கள் வீட்டு முறுக்கு எவ்வளவு சைவமாக இருந்தாலும் கொண்டு போகாதீர்கள். பாத்திரமும் எண்ணெயும்கூட அவர்களுடைய உணவு விதிக்கு உட்பட்டவை. அவர்கள் சமையலறையில் இறைச்சிக்கு ஒரு கரண்டி, பாலுணவுக்கு வேறு கரண்டி என்று இருக்கும். எது எது என்று பிள்ளைகளையே உங்களுக்குக் கற்றுத்தரச் சொல்லுங்கள். அடுப்பை வீட்டார் கையால்தான் மூட்ட வேண்டும் என்று சில வீடுகளில் கேட்பார்கள், அதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

நம் வீட்டிலிருந்து மகிழ்ச்சியோடு கொண்டு போகக்கூடியது நறுமணப் பொருள். சனிக்கிழமை இரவு நட்சத்திரங்கள் தெரிந்தபின் ஷாபஸை வழியனுப்பும் சடங்கில், திரிகள் பல பின்னிய மெழுகுவர்த்தியும் திராட்சை ரசமும் முகர்ந்து பார்க்க வாசனைப் பொருளும் இருக்கும். தின்பதற்கு அல்ல, முகர்வதற்கு மட்டுமே என்பதால் முழுக் கிராம்பும் பட்டையும் ஏலமும் வாங்கிக் கொடுக்கலாம். வெள்ளிக்கிழமைக்கு முன் ஓர் ஆரஞ்சுப் பழத்தில் கிராம்புகளைக் குத்தி அலங்கரிக்கச் செய்தால் நான்கு வயதுக் குழந்தையும் அரை மணி நேரம் அசையாமல் உட்காரும்.

ஒன்று மறந்துவிட்டேன். பிள்ளைக்கு ஒன்றைத் தருவதாகச் சொல்லிவிட்டுத் தராமல் இருக்கக் கூடாது, அது பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பதாகும் என்று தல்மூதில் ரபி செய்ரா சொல்கிறார். ஆகவே நாளைக்குச் செய்யலாம் என்று நீங்கள் சொன்னால் நாளைக்குச் செய்தாக வேண்டும். அந்த வீட்டில் அதை மறக்க மாட்டார்கள்.

ஓலைக்கீற்று, பீட்டர்மரிட்ஸ்பர்க்:

சகோதரிக்கு வணக்கம். கூடாரப் பண்டிகையைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் தச்சு வேலை செய்பவன். யூத நண்பர் ஒருவருக்குச் சுக்கா என்னும் அந்தக் கூடாரத்தை ஆண்டுதோறும் சேர்ந்து அமைத்துக் கொடுக்கிறேன்.

பாவநிவிர்த்தி நாளின் நோன்பு முடிந்த இரவே முதல் கம்பை நடுவது அவர்கள் வழக்கம். அதற்குப் பிறகு பண்டிகைக்கு நான்கு நாட்களே இருக்கும். பதின்மூன்று வயது ஆகாத பையன்களும் பன்னிரண்டு ஆகாத பெண்களும் நோன்பிருக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்பதால், பெரியவர்கள் களைத்திருக்கும் அந்த நேரத்தில் பிள்ளைகள்தாம் உற்சாகமாக இருப்பார்கள். கூரை மண்ணில் விளைந்து வெட்டப்பட்ட தழையாகவோ மூங்கிலாகவோ இருக்க வேண்டும், தகரமோ பிளாஸ்டிக்கோ உதவாது. மரத்தடியில் அமைக்கக் கூடாது, மேலே வானம் இருக்க வேண்டும். உள்ளே வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும், ஆனாலும் இரவில் நட்சத்திரம் தெரிந்தால் நல்லது. நம் கல்யாணப் பந்தலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் அந்நியமாக எதுவும் இராது. ஏழு வயதுப் பையனிடம் அளவு நாடாவைக் கொடுத்து நீள அகலத்தை அளக்கச் சொல்லுங்கள். அவனுடைய கேள்விகளில் பாதிக்கு அந்தக் கூரையே விடை சொல்லும். மாவிலைத் தோரணம் கட்டுவதைப் போலக் காகிதச் சங்கிலி கட்டலாம். ஆனால் ஜோகன்னஸ்பர்க்கில் அந்தப் பருவத்தில்தான் இடிமழை தொடங்கும் என்பதால், சாயம் கரையும் தாளைத் தவிர்த்து, உலர்ந்த சுரைக்காய், சோளக்கதிர், பிளாஸ்டிக் உறையிட்ட படங்கள் ஆகியவற்றைத் தொங்கவிடுங்கள். தொங்கவிட்டதைப் பண்டிகை முடியும் வரை கழற்றி வேறு பயனுக்கு எடுப்பதில்லை. பெருமழை பெய்தால் உள்ளே வந்து உண்ணலாம் என்று அவர்கள் விதியிலேயே இடம் உண்டு.

உங்களுக்கு ஓலை பின்னத் தெரியுமா? அந்தப் பண்டிகையில் பேரீச்சங்குருத்தையும் மிர்ட்டில், வில்லோ (ஆற்றலரி) மரக் கிளைகளையும் சேர்த்துக் கட்டி, எத்ரோக் என்னும் நாரத்தை இனப் பழத்தோடு கையில் ஏந்துவார்கள். கிளைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உறையையும் வளையத்தையும் ஓலையிலேயே பின்னுவார்கள். நம் ஊரில் கிலுகிலுப்பை பின்னிய கைக்கு அது சில நிமிட வேலை. பண்டிகை தொடங்குமுன் பிள்ளைகளோடு உட்கார்ந்து பின்னுங்கள்.

கை வேலையால் பிள்ளை வளரும் என்பதில் தமிழருக்கும் யூதருக்கும் இந்த நாட்டில் பழைய தொடர்பு ஒன்று உண்டு. யூதரான கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக் 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே லாலியில் தம் 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்கு வாடகையின்றிக் கொடுத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே வாழ்ந்தன. காலன்பாக் பைன்டவுன் அருகே மரியன்ஹில் மடத்தில் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். காந்தி அவரிடம் கற்று மற்றவர்களுக்குக் கற்பித்தார். நம் பிள்ளைகள் அந்தப் பண்ணையில் மண் வெட்டினார்கள், மரம் நட்டார்கள், சமைத்தார்கள், தமிழும் படித்தார்கள்.

நந்தியாவட்டை, ஜோகன்னஸ்பர்க்:

அம்மாவுக்கும் தங்கைக்கும் அண்ணனுக்கும் என் நன்றி. நேற்றே தாயிடம் பேசிவிட்டேன். லெகோவுக்கு அவர்கள் வீட்டில் தடையில்லை. கோலத்தை வார நாட்களில் பின்கட்டுத் தரையில் போடலாம் என்று சொன்னார். பிள்ளைகளோடு தாமும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டார். அடுப்பைத் தாமே மூட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சோழிகள் ஐம்பது வாங்கி, துணிப்பையில் போட்டு, விளையாட்டுக்கென்றே அவர்கள் அலமாரியில் வைத்துவிட்டேன். பையன் அந்தப் பையைத் திறந்ததும் இவை எந்தக் கடலிலிருந்து வந்தவை என்று கேட்டான். நீ என்ன நினைக்கிறாய் என்று நான் திருப்பிக் கேட்டபோது, டர்பனுக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வதாகப் பதில் சொன்னான்.

வியாழக்கிழமை மாலை கிட்கேக்கு மாவு பிசைகிறோம். மூன்று புரி எனக்கு வரும். மூத்தவள் தன் போபாவைப் (பாட்டியைப்) போல ஆறு புரியில் பின்ன வேண்டும் என்கிறாள். அதை எழுத்தில் விளக்க முடிந்தவர்கள் புதன்கிழமைக்குள் எழுதினால் உதவியாக இருக்கும்; வியாழக்கிழமை கற்றுத்தருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.